பிள்ளைகளின் கேள்விகள் – 9: யாருடைய சாண்?

"ஏன் தாத்தா இடப்பக்கமாகவே போகணும்?" என்று ஏழு வயதுப் பேரன் கேட்டதற்கு, "இல்லாவிட்டால் போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்று நான் சொன்ன பதிலோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் குழந்தையுமாகக் கடைத்தெருவில் நடந்துவரும் கிழவனுக்கு அதைவிடச் சிரத்தையான பதில் வாய்ப்பது துர்லபம் என்பதைத் தவிர, எனக்குச் சமாதானம் ஒன்றுமில்லை. ஆயினும் அந்தப் பதிலில் சோம்பலைவிடப் பெரிய தோஷம் ஒன்று இருந்ததைப் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

ஸ்விட்சர்லாந்து தேசத்து மனோதத்துவ அறிஞரான ழான் பியாஜே, குழந்தைகளின் நியாய உணர்ச்சியைப் பற்றி 1932-இல் வெளியிட்ட நூலுக்காக, ஜெனீவாவிலும் நெஷாடெலிலும் கோலி விளையாடும் பையன்களை அண்டி, தமக்கு ஆட்டமே தெரியாதது போலப் பாவனை செய்து, கற்றுத்தரும்படி கேட்டுக்கொண்டு, இந்த விதிகள் எங்கிருந்து வந்தன, இவற்றை மாற்றலாமா என்றெல்லாம் மெல்ல விசாரித்தார். சின்னக் குழந்தைகள், அப்பா செய்தது, ஊர்ப் பெரியவர்கள் செய்தது, கடவுளே செய்தது, ஆகையால் மாற்றலாகாது என்றன. பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்களோ, எல்லோரும் சம்மதித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால், விதியைத் தெய்வ வாக்காகப் பாவித்த அந்தக் குழந்தைகள்தாம் ஆட உட்கார்ந்ததும் ஆளுக்கொரு விதமாக ஆடி, எல்லோருமே ஜெயித்ததாகத் திருப்தி அடைந்தன. மாற்றலாம் என்று சொன்ன பெரிய பையன்களோ நூலிழை பிசகாமல் ஆடினார்கள்! போலீஸ்காரரைக் காட்டிப் பயமுறுத்திய நான், பேரனை எந்த வயதிலேயே நிறுத்திவைக்கப் பார்த்தேன் என்பது அதைப் படித்தபோது உறைத்தது.

பிறகு ஒரு ஞாயிறன்று எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரிய வழக்கு. குழியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கோலி விழவேண்டும் என்பது பிரமாணம். எதிர்வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனின் சாணுக்குள் அடங்கிய கோலி, என் பேரனின் சாணுக்கு நாலு விரற்கடை வெளியே கிடந்தது. யாருடைய சாண் சாண்? அரை மணி நேரக் கூச்சலுக்கும், 'அழுகுணி' என்ற பட்டம் இரு கட்சிக்கும் தாராளமாக வழங்கப்பட்டதற்கும் பிறகு, யாரோ ஒரு பையன் தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, இரண்டு சாணுக்கும் நடுவாந்திரமாக ஒடித்து, இனி இதுதான் சாண் என்று தரையில் வைத்தான். அத்துடன் சத்தம் அடங்கிற்று. நாலு வயதுத் தங்கையை மாத்திரம் உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் எப்படி எறிந்தாலும் குற்றமில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, சட்டசபைக்குச் சென்று வந்தது போலவே இருந்தது. ஒருவேளை அதைவிடச் சற்று கௌரவமாகவே இருந்தது எனலாம்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போகும் வழியில், "இடப்பக்கமும் உங்கள் ஈர்க்குச்சி மாதிரிதானடா" என்று ஆரம்பித்தேன். ஸ்வீடன் தேசத்தில் வெகுகாலமாக இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஜனங்கள், 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டிகளையெல்லாம் நிறுத்தி, மெல்ல வலப்பக்கம் நகர்த்தி, மணி ஐந்து அடிக்கும்வரை காத்திருந்து, பின்பு புறப்பட்டுப் போன கதையைச் சொன்னேன். இடமோ வலமோ, அதில் புனிதம் ஒன்றுமில்லை, எதிரே வருகிறவனும் அதையே நினைத்துக்கொண்டு வருகிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றேன்.

பேரன் வெகுநேரம் யோசித்தான்.

"அந்த ஊர்லே உப்புக்குச் சப்பாணி யாருமே இல்லையா, தாத்தா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வந்தது. இருவரும் ஓரமாக ஒதுங்கி, அதற்கு வழிவிட்டு நின்றோம்.

(தொடரும்)