கை நல்ல கை, பை சின்னப் பை: தெரியுமா?

இலங்கைக் கோப்பியைச் சாகடித்த துருநோய் முதன்முதலில் கண்ணில் பட்டது எங்கே தெரியுமா? நம்ம பதுளை மாவட்டத்து மடுல்சீமையில்! ஆண்டு 1869. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற அந்தப் பூஞ்சணத்துக்குத் துரைமார் வைத்த பட்டப்பெயர் ‘நாசக்கார எமிலி’. இலையின் அடியில் மஞ்சள் பொடி, அவ்வளவுதான் அடையாளம். விலை நன்றாக இருக்கிறது என்று கடன் வாங்கிக் காட்டைத் திருத்தியவர்கள் நட்டது ஒரே பயிர். விளைச்சல் வருஷா வருஷம் இறங்க, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே 1884இல் கதவை மூடியது! 1890இல் வந்திறங்கிய வணிகர் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பத்தென்னை உட்படப் பல தோட்டங்களை மலிவாக வாங்கிப் போட்டார். விழுந்த துரைமார் முட்டாள்கள் இல்லை. நட்டத்தைத் தாங்கும் அளவுக்குப் பை இல்லை. லிப்டனிடம் இருந்தது.

போக்கர் சீட்டாட்ட மேசையில் அந்தப் பைக்குப் பெயர் பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்கென்றே ஒதுக்கிய மொத்தப் பணம். அதை ஆட்டிப் பார்க்கும் ஏற்ற இறக்கத்தைத்தான் உயர்தர வகுப்பில் பிள்ளைகள் மாறற்றிறன் என்று படிக்கிறார்கள்.

டெக்ஸஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. இரண்டும் ஆஸாக வருவது 221 தடவைக்கு ஒன்று. அதைவிடப் பெரிய தொடக்கக் கை கிடையாது! எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, இருவரும் எல்லாப் பணத்தையும் நடுவில் தள்ளினால்? ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு தடவை ஆஸ்காரர்தான் தோற்கிறார். ஒமாஹா என்ற வகையிலோ ஆளுக்கு நான்கு சீட்டு. அங்கே ஜோடி ஆஸ் உள்ள கைக்கும், 5, 6, 7, 8 என்று வரிசையாகவும் இனம் சேர்ந்தும் வந்த கைக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 60க்கு 40தான்! அதனால்தான் ஹோல்டெம் ஆட 20, 30 மடங்கு நுழைவுப் பணம் போதும் என்கிறவர்களே ஒமாஹாவுக்கு 50, 100 மடங்கு வேண்டும் என்கிறார்கள்.

இன்னும் கேளுங்கள். 100 கைக்குச் சராசரியாக 5 பந்தயம் லாபம் எடுக்கும் கெட்டிக்காரர் ஒருவர். ஹோல்டெமில் 100 கைக்கு, ஏற்ற இறக்கத்தை அளக்கும் நியம விலகல் 90 பந்தயம் என்று வையுங்கள். 10,000 கை ஆடிய பிறகும் அவர் நட்டத்தில் நிற்க 100க்கு 29 வாய்ப்பு! மணிக்கு 30 கை வீதம் அது 333 மணித்தியால உழைப்பு. ஒமாஹாவில் நியம விலகல் 140 ஆனால் அந்த 29 என்பது 36 ஆகிறது. 1,00,000 கைக்குப் பிறகு, ஹோல்டெமில் வெறும் 4! ஆட்டம் 100 மடங்கு கூடினால் லாபமும் 100 மடங்கு. ஏற்ற இறக்கமோ 10 மடங்குதான். திறமை தெரிய இவ்வளவு காலம் எடுக்கிறது. அதுவரை பை தாங்க வேண்டுமே!

போட்டி ஆட்டம் இன்னும் மோசம். 2003இல் லாஸ் வேகஸ் போக்கர் போட்டியில் 838 பேரை முந்தி 25 லட்சம் டொலர் வென்ற கிறிஸ் மனிமேக்கர், நூறு டொலருக்கும் குறைந்த இணையப் போட்டி வழியாக உள்ளே வந்தவர். பெயரே காசு பண்ணுகிறவர்! உலகமே அவரைப் பார்த்து மேசைக்கு ஓடியது. கட்டிய பணத்தை விட்டுவிட்டு எழுந்துபோன நூற்றுக்கணக்கானவர்களை யார் பார்த்தார்கள்?

திறமையே வேண்டாத, நியாயமான ஆட்டம் என்றால் தப்பலாமா? உங்களிடம் 1,000 ரூபாய், எதிராளியிடம் 9,000. தடவைக்கு 100 ரூபாய், பூவா தலையா. ஒருவர் வெறுங்கையாகும்வரை போட்டால், 100க்கு 90 வாய்ப்பில் வெறுங்கை உங்களுடையது! நாணயத்தில் வஞ்சகமே இல்லை. சூதாடி ஓட்டாண்டியாகும் இந்த வகைக் கணக்கைக் கணித அறிஞர் ஹைகன்ஸ் 1657இலேயே தம் நூலின் கடைசியில் வைத்துவிட்டார்.

அதற்கும் வெகு காலம் முன்பே நம் நளன் கதை! தான்றி மரத்தை ஒரே பார்வை பார்த்து இலையும் காயும் எத்தனை என்று சொன்னான் இருதுபன்னன் என்ற அரசன். அந்த எண் வித்தையைக் கற்ற பிறகே நளன் மறுபடி சூதாடி நாட்டை மீட்டான். ஆனாலும் பாருங்கள், பாரதம் சொல்லும் கதையில் அந்த இரண்டாம் தடவையும் அவன் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வைக்கிறான். கணக்குத் தெரிந்தும் அடங்காத மனுஷன்!

நம்ம 304 சீட்டாட்டம் எவ்வளவோ தேவலை. 32 சீட்டு, ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டிப் பார்த்தால் 76. நான்கு இனத்துக்கும் 304! நான்கு பேருக்கும் பங்கு பிரியக்கூடிய விதங்கள் மட்டும் சுமார் ஆயிரம் கோடி கோடி. காசு வைக்காமல் மானத்தை மட்டும் வைத்து ஆடினால் பைக்கு ஆபத்தே இல்லை. லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போடும் சீட்டு அதையும் மிஞ்சும். கூட்டு நாணயமாக இருந்தால் முறை வரும்போது போட்ட பணம் அப்படியே கைக்கு வரும்.

போக்கர் மேசை கொழும்போடு நின்றுவிடும். லொத்தர் சீட்டு நம்மைத் தேடியே வரும். மகஜன சம்பதவில் பெரிய பரிசுக்கு ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமும் அச்சாகப் பொருந்த வேண்டும். அது 2 கோடியே 60 லட்சத்தில் ஒன்று! தினம் ஒன்று வாங்கினால் சராசரியாக 71,000 ஆண்டுக்கு ஒரு தடவை விழும். 2023இல் சீட்டு 40 ரூபாயானது. அந்த விலைக்குத் தினம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 14,600 ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கிட்டத்தட்ட 11 நாள் கொழுந்து.