மகபதியும் படுகளமும்

விழுப்புரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் என்னும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். அதில், மண்ணாசையால் குலத்தையே அழித்த துரியோதனன், பெரிய மண்ணுருவமாக மல்லாந்து கிடப்பான். ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகத்தில் மெக்பெத்தை வீழ்த்தியதும் அதே ஆசைதான். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், அந்த நாடகத்தை 'மகபதி' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அரியணைக்காக, தன் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய அரசனையே கொல்கிறான் மெக்பெத். கொலைக்குத் தூண்டிய மனைவியோ, பின்னாளில் தூக்கத்திலேயே எழுந்து நடக்கிறாள். கையில் இல்லாத ரத்தக்கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். குற்ற உணர்வை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் காட்சி நாடக மேடையில் அபூர்வம். முதலியாரின் நூல் கிடைத்தால், அந்தக் காட்சியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.