மார்க் குறைந்தால் மனம் உடையலாமா?
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்திற்கு

மாலை ஏழு மணி. தாராவி 90 அடிச் சாலையில் கால் வைக்க இடமில்லை. சாலையை விட்டுச் சந்துக்குள் திரும்பி, இரும்பு ஏணியில் ஏறினால் ஓர் அறை. அடுப்பு, பீரோ, டி.வி., ஐந்து பேர் எல்லாம் அதற்குள்தான். மூலையில் பத்தாம் வகுப்புப் பையன் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான். கண் புத்தகத்தில் இருக்கிறது. காது அப்பாவின் காலடிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

அப்பா வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறார்: "என்னலே, டெஸ்ட்டுல எத்தனை மார்க்கு?"

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கிளார்க் உத்தியோகம் பார்ப்பவர் வீட்டிலும் இதே கேள்விதான். குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்.

அப்பாவைக் குறை சொல்ல முடியுமா? ஊரில் நிலமில்லாமல், மழையில்லாமல், ரயிலேறி வந்தவர். தோல் பட்டறையிலோ மூட்டை தூக்கியோ குடும்பத்தை நிமிர்த்தியவர். "நான் பட்ட பாடு என் பிள்ளை படக்கூடாது" என்பது அவருடைய ஒரே கனவு. அந்தக் கனவு முழுவதையும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

நான்கு மொழிச் சுமை

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பாடத்தில் ஆங்கிலம். மராத்தியும் படித்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி மராட்டிய மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை மராத்தி கட்டாயம்.

மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு, மேல் வகுப்புக்கு இந்தி வழிக்கோ ஆங்கில வழிக்கோ மாறும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். நேற்று வரை கை தூக்கிப் பதில் சொன்னவன், இன்று வாத்தியார் பேசுவது பாதி புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அறிவு குறைந்துவிடவில்லை. மொழிதான் மாறியிருக்கிறது. ஆனால் அவனோ, "நான் மக்கு" என்று முடிவு செய்துவிடுகிறான். வீட்டில் சொன்னால் அடி விழுமோ என்று பயந்து, தன் மனதுக்குள்ளேயே பூட்டி வைக்கிறான்.

இப்படிப் பூட்டி வைப்பது எங்கே கொண்டுபோய் விடும்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கு நெஞ்சைப் பதற வைக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவ மாணவிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். இதில் முதலிடத்தில் நின்ற மாநிலம் மராட்டியம். அடுத்தது தமிழ்நாடு. நாம் விட்டு வந்த ஊரும், வந்து சேர்ந்த ஊரும்!

ஒரு கதவு மூடினால்...

எல்லாத் தற்கொலைக்கும் மார்க்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தேர்வு முடிவு வரும் நாள் பல வீடுகளில் கண்டம் போலத்தான் வருகிறது.

2025-இல் மராட்டியத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 94.10 சதவீதம். பத்திரிகைகள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. மிச்சம் ஆறு சதவீதத்தை யார் நினைத்தார்கள்? பதினைந்து லட்சம் பேரில் ஆறு சதவீதம் என்றால் ஏறக்குறைய 90 ஆயிரம் பிள்ளைகள். அன்று மாலை 90 ஆயிரம் வீடுகளில் என்ன பேச்சு நடந்திருக்கும்?

அந்தப் பேச்சில் சொல்லப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தவறியவர்களுக்கு அதே ஆண்டில் ஜூன்-ஜூலை மாதங்களில் துணைத்தேர்வு நடக்கிறது. ஒன்றிரண்டு பாடங்களில் மட்டும் தவறியவர்கள் நிபந்தனையோடு பதினோராம் வகுப்பில் சேரவும் வழியிருக்கிறது. இதைத்தான் 'ஏ.டி.கே.டி.' என்கிறார்கள். ஒரு வருஷம் வீணாகிவிட்டது என்று மனம் உடைய வேண்டியதில்லை.

இந்த வழியின் அருமை தமிழ்நாட்டுக்குத் தெரியும். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு நிலையத்தைத் தொடங்கினார். தேறாத பிள்ளைக்கு உடனே மறு வாய்ப்புக் கொடுத்தால் உயிர்கள் தப்பும் என்று வலியுறுத்தி வருபவர் அவர். தமிழ்நாட்டில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. தேர்வுத் தோல்வியால் நேரும் தற்கொலைகள் அதன்பின் குறைந்ததை அவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். மருந்தில்லை, மாத்திரையில்லை. 'இன்னொரு தடவை எழுதலாம்' என்ற நம்பிக்கைதான் அங்கே வைத்தியம்!

கவுன்சிலர் என்றால் யார்?

'பள்ளிக்குக் கவுன்சிலர் வேண்டும்' என்றால், தேர்தலில் நிற்கும் வார்டு கவுன்சிலர்தான் நம்மவர் பலருக்கும் ஞாபகம் வரும். இவர் வேறு. பிள்ளையின் மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே படித்துத் தேர்ந்தவர். மனநல ஆலோசகர்.

2025 ஜூலை 25-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. விசாகப்பட்டினத்தில் 'நீட்' பயிற்சிக்குப் போன 17 வயதுப் பெண் இறந்த வழக்கு அது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிலையங்களில் ஒரு மனநல ஆலோசகராவது இருக்க வேண்டும் என்றும், உதவி எண்களை மாணவர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் கோர்ட்டு கூறியது. பள்ளிகளும் இதில் அடங்கும்.

ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஃபீஸ் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "ஆலோசகர் யார்? எந்தக் கிழமை வருவார்? தமிழோ இந்தியோ தெரிந்தவரா?" என்றும் கேளுங்கள். பிள்ளை தன் துக்கத்தை இலக்கண சுத்தமான ஆங்கிலத்திலா சொல்லும்?

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. பிள்ளைகளின் மனப் பிரச்சினைகளுக்கென நாட்டிலேயே முதல் வழிகாட்டு நிலையம் 1937-இல் பம்பாயில்தான் தொடங்கியது. அதை நடத்திய சமூகப்பணிப் பள்ளிதான் இன்று செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

தூக்கம் கெடுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, சிநேகிதர்களை விட்டு ஒதுங்குவது, பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி என்பது, "நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி" என்று பேசுவது - இவற்றை 'நடிப்பு' என்று ஒதுக்காதீர்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதிலிருக்கும் பாரம்தான் இறங்கும். அப்படிப்பட்ட பிள்ளையைத் தனியே விடக்கூடாது.

தாராவிக்காரர்களுக்குச் சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. போவது பைத்தியக்காரப் பட்டமும் அல்ல, குடும்பத்துக்கு இழுக்கும் அல்ல. காய்ச்சலுக்குப் போவது போலத்தான். அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேச வசதி உண்டு. கதவுக்குப் பின்னால் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

இத்தனையும் இருந்தாலும், பிள்ளைக்கு முதல் ஆலோசகர் வீட்டில்தான் இருக்கிறார். "பாஸோ ஃபெயிலோ, நீ எங்க பிள்ளை. அடுத்த பரீட்சை இருக்கு" - இந்த வார்த்தையை ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் போதாது. அதற்கு முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள்.

நாளை மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். செருப்பைக் கழற்றும்போது மார்க்கைக் கேட்காதீர்கள். "சாப்பிட்டியாய்யா?" என்று கேளுங்கள். மார்க்கைப் பிள்ளையே வந்து சொல்லும்.