நடுக்குவாதம்: முதுமையும் நஞ்சும்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம், நடுமூளையில் கருநிறத் திட்டாகத் தெரியும் ஒரு பகுதியின் நரம்பணுக்கள் சிறுகச் சிறுக அழிவதால் வருகிறது. இந்த அணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் கைகால்கள் சீராக அசைய டோபமின் வேண்டும். அது குறைந்தால் அசைவு மந்தமாகும், தசை விறைக்கும், சும்மா வைத்திருக்கும் கை நடுங்கும். நாளடைவில் நடையும் தடுமாறும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதை முதன்முதலில் தெளிவாக விவரித்தார். அவர் பிறந்த ஏப்ரல் 11ஆம் தேதியே உலக பார்க்கின்சன் நாள்.

உலகில் 1990இல் சுமார் 25 லட்சம் பேருக்கு இருந்த இந்நோய், 2016இல் 61 லட்சம் பேரிடம் காணப்பட்டது. மனிதர்கள் நெடுநாள் வாழ்வது இதற்கு முக்கியக் காரணம். ஆனால் வயது வேறுபாட்டைக் கழித்துக் கணக்கிட்டாலும் நோய் விகிதம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. முதுமையோடு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன என்பதை இது காட்டுகிறது.

இந்தியாவில் எடுத்த கணக்குகள் இடத்துக்கு இடம் வெகுவாக மாறுகின்றன. மும்பை பார்சி குடியிருப்புகளில் நடந்து 1988இல் வெளியான ஆய்வு, லட்சம் பேருக்கு 328 பேர் என்றது. காஷ்மீரின் குதார் பள்ளத்தாக்குக் கிராமங்களில் அது 14 மட்டுமே. பார்சி சமூகத்தில் முதியோர் அதிகம் என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். காஷ்மீர் கிராமங்களிலும் 60 வயதைக் கடந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் லட்சத்துக்கு 247 என்று எண்ணிக்கை ஏறியது.

முதல் அறிகுறிகள்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் வழியில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயில் கொண்ட இந்தத் திவ்யதேசத்தைச் சுற்றிய வட்டாரத்துக்குச் சோறு போடுபவை பட்டுத்தறியும் நெல்வயலும். நடுக்குவாதத்தைப் புரிந்துகொள்ள இவ்விரு தொழில்களும் உதவும். நோயின் தொடக்கம் தறியில் எளிதாகத் தெரியும். அதன் காரணங்களில் ஒன்று வயலில் இருக்கிறது.

நெசவில் இரு கைகளும் இரு கால்களும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். நடுக்குவாதம் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில்தான் தொடங்குகிறது. அதனால் நெசவாளருக்கு இந்நோய் வந்தால், நாடாவை இழுக்கும் ஒரு கை மட்டும் பின்தங்கலாம். மிதியை அழுத்தும் ஒரு கால் கனக்கலாம். அறுந்த இழையை இரு விரல்களால் முறுக்கி இணைப்பது போன்ற நுண்ணிய வேலை, பழகிய கைக்கே நேரம் பிடிக்கும். மடியில் ஓய்வாகக் கிடக்கும்போது நடுங்கும் கை, வேலையில் இறங்கியதும் நிதானப்படும். எழுத்து வரவர சிறுத்துப்போகும். முகத்தில் உணர்ச்சி மங்கும், குரல் தணியும். நடக்கையில் ஒரு கை மட்டும் வீசாமல் உடலோடு ஒட்டி நிற்கும்.

இவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே வேறு சில குறிகள் தோன்றலாம். மல்லிகை, பெருங்காயம், காபித்தூள் ஆகியவற்றின் வாசனை தெரியாமல் போவது ஒன்று. தீராத மலச்சிக்கல் இன்னொன்று. கனவில் நடப்பதற்கேற்பத் தூக்கத்திலேயே கத்துவதும் கைகாலை உதறுவதும் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணங்கள் இருக்கக்கூடும். சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுக்கம் வெளியே தெரியும்போது டோபமின் அணுக்களில் பெரும்பகுதி அழிந்திருக்கும். 'வயசானா கை நடுங்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுவது சிகிச்சைக்குரிய காலத்தை வீணாக்குகிறது.

நஞ்சு புகும் வழி

நோயாளிகளில் சுமார் 10 முதல் 15 சதவீதத்தினருக்கே குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்நோய் இருக்கிறது. மற்றவர்களிடம் வயது, மரபணுவின் சிறு மாறுபாடுகள், சுற்றுச்சூழல் மூன்றும் கலந்து வேலை செய்கின்றன. சுற்றுச்சூழலின் பங்கு 1982இல் கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. திருட்டுத்தனமாகத் தயாரித்த ஒரு போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர், சில நாட்களிலேயே முற்றிய நடுக்குவாத நோயாளிகளைப் போல் உறைந்துபோனார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழு அந்தப் பொருளில் எம்.பி.டி.பி. என்ற கலப்படத்தைக் கண்டறிந்தது. அது மூளையில் வேறொரு நஞ்சாக மாறி, டோபமின் அணுக்களுக்குள் நுழைந்து, ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது.

அப்படி உருவாகும் நஞ்சு, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வேதிக் கட்டமைப்புக்கு மிக நெருக்கமானது. ஆய்வாளர்களின் கவனம் வயல்கள் பக்கம் திரும்பியது. 2000இல் ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது, டோபமின் அணுக்கள் அழிந்து நடுக்குவாதக் குறிகள் தோன்றின. ரோட்டினோன் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. பாராகுவாட், அணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்குகிறது. பூச்சிமருந்து தெளிக்கும் அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வின்படி, இவ்விரண்டில் ஒன்றைப் பயன்படுத்தியவர்களிடம் நடுக்குவாதம் சுமார் இரண்டரை மடங்கு அதிகம். மருந்தடித்த எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருளல்ல. வரும் வாய்ப்பு கூடுகிறது.

பாராகுவாட் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் விற்பனையில் இல்லை. விழுங்கினால் மாற்று மருந்தே இல்லாத நஞ்சு என்பதால், தற்கொலைச் சாவுகளைத் தடுக்க இலங்கை 2008 முதல் படிப்படியாக அதை விலக்கியது. கேரளம் 2011இல் தடை செய்தது. ஆனால் இந்தியாவில் நெல் உள்ளிட்ட பயிர்களுக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இருந்துவந்திருக்கிறது.

கரைப்பான்களும் சந்தேக வளையத்தில் உள்ளன. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும், முன்பு துணிகளை டிரை வாஷ் செய்யவும் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் அவற்றில் முதன்மையானது. அமெரிக்காவின் கேம்ப் லெஜுன் ராணுவ முகாமில் பல்லாண்டுகள் இது குடிநீரில் கலந்திருந்தது. அங்கே பணியாற்றியவர்களுக்கு, மாசற்ற நீர் குடித்த வேறொரு முகாமினரைவிட நடுக்குவாத வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று 2023இல் தெரியவந்தது. டிரை வாஷில் அதன் இடத்தைப் பிடித்த பெர்குளோரோஎத்திலீன் மீதும் ஐயம் இருக்கிறது. பட்டுச் சேலைகளை டிரை வாஷுக்குக் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ள நாட்டில், கடைக்குள் நாள் முழுதும் அந்த ஆவியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்பு முக்கியமானது. பட்டறைகளில் மாங்கனீசுப் புகையை நெடுங்காலம் சுவாசிப்பதும் நடுக்குவாதம் போன்ற பாதிப்பைத் தரும். தலையில் பலத்த அடி, காற்று மாசு ஆகியவையும் ஆராயப்பட்டுவருகின்றன.

தற்காப்பும் சிகிச்சையும்

தற்காப்பு பயன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. அதே அமெரிக்க விவசாயிகளிடம் 2015இல் வெளியான ஆய்வில், கையுறையை ஒழுங்காக அணிந்தவர்களிடம் பாராகுவாட்டுக்கும் நோய்க்குமான தொடர்பு காணப்படவில்லை. வெயில் கொளுத்தும் வயலில் லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்கையால் மருந்தைக் கலக்கி அடிப்பது இங்கே பழகிப்போன காட்சி. கையுறை, முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, முகமூடி அணிவது, காற்றடிக்கும் திசைக்கு எதிராக நின்று தெளிக்காதது, முடித்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, அந்த உடைகளைத் தனியாகத் துவைப்பது ஆகியவை அவசியம். தெளிப்பானைக் கிணற்றடியிலோ ஏரியிலோ கழுவக் கூடாது. காலி டப்பாவில் தண்ணீர், எண்ணெய் பிடித்து வைக்கவும் கூடாது. கூலிக்கு மருந்தடிப்பவருக்குக் கையுறை, முகமூடி போன்றவற்றை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு நிலத்துக்காரருடையது. களைகளைக் கையாலோ கோனோவீடராலோ எடுப்பது நஞ்சின் தேவையைக் குறைக்கும்.

நோயை மருத்துவர் பெரும்பாலும் உடலைச் சோதித்தே கண்டுபிடிக்கிறார். தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு மாத்திரைகளும் இதே குறிகளைத் தரக்கூடும் என்பதால், சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் அவரிடம் காட்ட வேண்டும். முதன்மை மருந்து லெவோடோபா. மூளைக்குள் அது டோபமினாக மாறுகிறது. பருப்பு, பால், முட்டை, இறைச்சியிலுள்ள புரதம் மருந்து உட்செல்வதைத் தடுக்கக்கூடும் என்பதால், சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு எடுத்துக்கொள்வது வழக்கம். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. அதன் அளவு விதைக்கு விதை மாறுவதால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து.

அறுவை சிகிச்சையில் சென்னைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி உருவாக்கிய துறையில் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர் 1960களிலேயே மூளையில் துல்லியமாக இடம் குறித்துச் செய்யும் அறுவையில் ஈடுபட்டனர். மருந்து போதாத நிலையில், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு இன்று மின்முனை பொருத்தி ஆழ்மூளைத் தூண்டல் செய்யப்படுகிறது.

அழிந்த அணுக்களை மீட்கும் மருந்து இன்னும் இல்லை. தினமும் நடப்பதும் உடற்பயிற்சியும் அசைவை மேம்படுத்தும். வீட்டார் தரும் நேரமும் பொறுமையும் நோயாளியைத் தொழிலில் நீடிக்க வைக்கும். வயதையும் மரபணுவையும் மாற்ற முடியாது. வயலிலும் பட்டறையிலும் உடலுக்குள் போகும் நஞ்சைக் குறைக்க முடியும். இந்நோயைத் தடுக்க இப்போது மனிதர் கையில் இருக்கும் வழி அதுதான்.