சயாம் சென்ற எஞ்சினும் ஜப்பான் செல்லும் பயணியும்

நெடுவழி செல்வோர் துணையின்றிச் செல்லலாகாது என்பது நம் முன்னோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்த நெறி. வழியிற் கள்வரும், காட்டு விலங்கும், தீராக் காய்ச்சலும் இருந்த காலத்துக்கு அது பொருந்திய நெறியே. இன்றோ கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகவே ஜப்பான் சென்று, இரயிலிலேயே அந்நாட்டைச் சுற்றித் திரும்புவோர் உளர். துணையில்லாத குறையை அந்நாட்டு இரயில் எவ்வாறு நிறைக்கிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

இரண்டாம் நோக்கமும் ஒன்றுண்டு. ‘ஜப்பான்காரன் இரயில்’ என்ற சொல் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்க் குடும்பங்களின் காதில் வேறொரு பொருளிலும் விழுவது. அது சயாமுக்குப் போன இரயில். போனவரைத் திருப்பிக் கொண்டுவராத இரயில். இவ்விரு பொருளையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றி நம்மவரின் ஜப்பானியப் பயணம் முழுமை பெறாது.

இரு நாட்டுத் தண்டவாளம்

ஜப்பானின் முதல் இரயில் 1872 அக்டோபர் 14-ஆம் நாள் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்கு ஓடிற்று. பாதையின் நீளம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். அதை அமைக்கும் பொறுப்பை ஏற்ற ஆங்கிலப் பொறியாளர் எட்மண்ட் மோரல், வண்டி ஓடுவதைக் காணாமலே 1871-இல் மறைந்தார்.

மலாயாவில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை 1885-இல் முதற் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிற்று. 1890-இல் ஆற்றின்மேல் பாலம் முடிந்ததும் அது கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகமே, 1972-இல் பெயர் மாறிய இன்றைய போர்ட் கிள்ளான்.

இரண்டு நாட்டிலும் தொடக்கத்தில் இருந்தது ஆங்கிலேயர் தொழில்நுட்பமே. ஆயினும் பின்னர் வழி பிரிந்தது. ஜப்பானியர் 1880-இல் ஒசாகாயாமாக் குகைப்பாதையை அயலார் துணையின்றித் தாமே குடைந்து முடித்தனர். 1893-இல் கோபேயில் தம் நாட்டின் முதல் எஞ்சினைக் கட்டினர். மலாயாப் பாதையோ ஈயத்தையும் பின்னர் ரப்பரையும் துறைமுகம் சேர்ப்பதற்கென்று அமைந்தது. காடு வெட்டி, மண் சுமந்து, தண்டவாளம் பதித்தவருள் தமிழர் பெருந்தொகையினர். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் அமர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய இரண்டும் இரயில்வேயால் வளர்ந்த ஊர்கள். பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேக்குரிய பழைய நிலத்தில் 2001-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தின் அமைப்பில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவாவின் பங்கு உண்டு என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தனிப் பயணிக்குத் துணையாவன

ஜப்பானிய அரசின் இரயில்வே 1987 ஏப்ரல் முதல் நாள் ஆறு பயணியர் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிக்கப்பட்டது. இவையன்றித் தனியார் பாதைகளும் பல. அயல்நாட்டார்க்கென விற்கப்படும் பொதுச்சீட்டு, பெரும்பாலும் அவ்வாறு நிறுவனங்களின் வண்டிகளுக்கே செல்லும். ஏழு நாட் சீட்டின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு அதிவேக வண்டியில் ஒருவழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். ஆதலின் இவ்விரு நகரங்களுக்கு மட்டும் சென்று திரும்புவோர்க்கு அச்சீட்டு நட்டமே. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை செல்வோர்க்கே இலாபம். கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குவது அறிவுடைமை.

‘ஷின்கன்சென்’ எனும் அதிவேக வண்டி 1964 அக்டோபர் முதல் நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே தொடங்கிற்று. 515 கிலோமீட்டரை முதலில் நான்கு மணி நேரத்திலும், மறு ஆண்டிலிருந்து மூன்று மணி பத்து நிமிடத்திலும் கடந்தது. இப்போது விரைவு வண்டிகள் இரண்டரை மணிக்குள் கடக்கின்றன. இதன் புகழ் உலகறிந்தது, விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தனிப் பயணி கற்க வேண்டியது சிற்றூர் வண்டியைத்தான். அங்கே ஒன்று அல்லது இரண்டு பெட்டி, நடத்துநர் கிடையாது, ஓட்டுநர் ஒருவரே எல்லாம். பல வண்டிகளில் பின்வாயிலில் ஏறியதும் ஒரு சிறு பெட்டி எண்ணிட்ட துண்டுச் சீட்டை நீட்டும். ஓட்டுநரின் தலைக்குமேல் ஒரு பலகை. நிலையம் கடக்குந்தோறும், எந்த எண்ணுக்கு எவ்வளவு கட்டணம் என்பது அதில் மாறிக்கொண்டே வரும். இறங்கும்போது தம் எண்ணுக்கு நேரேயுள்ள தொகையைச் சீட்டோடு ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் இட்டு முன்வாயிலால் இறங்கவேண்டும். யாரிடமும் ஒரு சொல் பேசாமல் முடியும் காரியம் இது. மொழியறியாதவன் ஏமாறவும் முடியாது. ஏமாற்றவும் மனம் வராது.

ஓட்டுநரின் பழக்கம் ஒன்றையும் காணலாம். எதிரேயுள்ள அடையாள விளக்கை அவர் விரலாற் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லுவார். கண், கை, வாய் மூன்றும் ஒன்றுபட்டால் மனம் சிதறாது என்பது இதன் தத்துவம். வகுப்பில் விரல்வைத்து உரக்கப் படிக்கச் சொல்லும் ஆசிரியர்க்கு இது புதியதன்று.

நிலையப் பலகையும் தமிழாசிரியரும்

ஜப்பானிய எழுத்து மிகக் கடினம் என்பர். சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துக்களைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் நிலையப் பெயர்ப்பலகைகள் பலவற்றில் ‘ஹிரகானா’ என்னும் ஒலியெழுத்தும் காணப்படும். அதில் அடிப்படை எழுத்துக்கள் 46. அவற்றின் நெடுங்கணக்கைக் கேட்டால் தமிழர் செவிக்கு வியப்பாயிருக்கும்: அ, இ, உ, எ, ஒ, பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்னும் வரிசைகள். பௌத்தத் துறவிகள் வடமொழி எழுத்தைப் பயின்றதன் வழியே இந்திய முறை அங்குச் சென்றது என்பது மொழிநூலார் கண்ட முடிபு. அரிச்சுவடி கற்பித்துப் பழகியவர் இவ்வரிசையைச் சில நாட்களிற் கைக்கொள்ளலாம்.

சொற்றொடரின் போக்கும் நமக்கு அயலன்று. ‘கனயா எகி நி இகிமாஸ்’ என்றால், ‘கனயா நிலையத்துக்குப் போகிறேன்’ என்பது பொருள். பெயர் முன்னே, உருபு அதன் பின்னே, வினை இறுதியில். ‘நி’ என்பது நம் நான்காம் வேற்றுமை உருபு நிற்கும் இடத்தில் நிற்கிறது. பேராசிரியர் சுசுமு ஓனோ இவ்வொப்புமைகளைக் கொண்டு இரு மொழிக்கும் உறவு கூறினார். அக்கொள்கையை மொழியியலார் பெரும்பாலோர் ஏற்றிலர். எனினும் உறவு உண்டோ இல்லையோ, சொல்லை அடுக்கும் முறை ஒத்திருப்பது கற்பவர்க்குப் பயனே.

கனயாவில் ஓர் எஞ்சின்

மேலே காட்டிய கனயா, ஷிசுவோகா மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நிலையம். பலகையில் க, ந, ய என்ற மூன்றெழுத்தில் அதைப் படித்துவிடலாம். அதிவேக வண்டி அங்கு நிற்பதில்லை. ஷிசுவோகாவில் இறங்கிச் சாதாரண வண்டியில் ஏறிச் செல்லவேண்டும். நிலையத்துக்கு மேலே மாக்கினோஹாரா மேட்டுநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. பழைய ஆட்சி வீழ்ந்தபின் பிழைப்பிழந்த சாமுராய் வீரர்கள் வாளை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்துத் திருத்திய நிலம் அது.

கனயாவிலிருந்து ஓயி ஆற்றை ஒட்டிச் சென்சு என்ற ஊர்வரை 39.5 கிலோமீட்டர் நீளமுள்ள தனியார் பாதை ஒன்றுண்டு. 1976-இல் நீராவி வண்டியை மீண்டும் ஓடவிட்டுப் பெயர்பெற்றது அது. 2022 செப்டம்பர்ப் புயல்மழையில் பாதை சிதைந்தது. அதன்பின் ஒரு பகுதியிலேயே வண்டி ஓடிவருகிறது. ஆதலின் புறப்படுமுன் விசாரித்துச் செல்வது நலம்.

அந்நிறுவனத்தின் எஞ்சின்களுள் ஒன்று ‘சி 56’ வகையைச் சேர்ந்த 44-ஆம் எண் எஞ்சின். 1936-இல் கட்டப்பட்டது. 2015-இல் அதற்குச் சிவப்பு வண்ணம் பூசி, முகம் ஒன்று பொருத்தி, ‘தாமஸ்’ என்னும் குழந்தைக் கதையில் வரும் ‘ஜேம்ஸ்’ ஆக்கி ஓட்டினர். குழந்தைகள் கையசைத்துக் களித்தனர்.

நம்மவர் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே. இவ்வகை எஞ்சின்களில் 90, போர்க்காலத்தில் கடல்கடந்து சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பப்பட்டன. ஜப்பானியத் தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர். சயாம், மலாயா, பர்மா மூன்றிலும் 1,000 மில்லிமீட்டர். எனவே சக்கரங்களை நெருக்கி அமைத்து அனுப்பினர். 44-ஆம் எஞ்சின் அவ்வாறு சென்று, 1979-இல் தாயகம் திரும்பியது. அதே ஆண்டு திரும்பிய 31-ஆம் எஞ்சின், டோக்கியோவில் குதான்ஷித்தா நிலையத்துக்கு அருகேயுள்ள யாசுகுனி ஆலயத்தின் போர்க் காட்சிச்சாலையில் நுழைவு மண்டபத்திலேயே நிற்கிறது. சயாம்–பர்மா இரயில் பாதைத் திறப்புவிழாவில் ஓடிய எஞ்சின் அதுவே.

சயாம் பாதை

1942 நடுவில் மிட்வே கடற்போரில் தோற்றபின், மலாக்கா நீரிணை வழியாகப் பர்மாவுக்குப் படையும் உணவும் அனுப்புவது ஜப்பானியர்க்கு ஆபத்தாயிற்று. தரைவழி வேண்டியதாயிற்று. சயாமின் பான்போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையை, மலையும் காடும் ஊடறுத்து, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு முனையையும் இணைத்து முடித்தனர்.

மூன்று நாட்டுத் தண்டவாளமும் ஒரே அகலம் என்பதை மறத்தலாகாது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து தண்டவாளம் பெயர்க்கப்பட்டுச் சயாமுக்குச் சென்றது அதனால்தான். மலாயா இரயில் 1918-இலேயே சயாம் இரயிலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே தோட்டத்து மக்களையும் சரக்குப் பெட்டிகளில் ஏற்றி நாட்கணக்கில் நேரே பான்போங்வரை கொண்டுசெல்ல முடிந்தது. நல்ல கூலி, குறுகிய தவணை என்று ஆசைகாட்டி அழைத்தனர். ஆள் போதாதபோது பிடித்தும் ஏற்றினர். பால்மரத் தொழில் படுத்து, அரிசிக்குத் தவித்த லயங்களில் அந்த ஆசை எடுபட்டதில் வியப்பில்லை.

மலாயாவிலிருந்து சென்றோர் 70,000-க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் தமிழர். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுவர். 1943-இல் பரவிய வாந்திபேதி முகாம்முகாமாக உயிரைக் கொண்டது. மேனாட்டுப் போர்க்கைதிகளும் 12,000-க்கு மேல் மாண்டனர். ஆனால் அவர்க்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், மறைத்துவைத்தேனும் பெயர்க்குறிப்பு எழுதினர். காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாய் நிற்பது அதன் பயன். தமிழ்த் தொழிலாளிக்குக் குறிப்பெழுத எவருமில்லை. அவன் கங்காணி பெயரால் அறியப்பட்டான். கங்காணியும் மாண்டால் அவன் பெயரும் மாண்டது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் இவ்வெறுமையை இலக்கியத்தால் நிரப்ப முயன்றவை.

பயணியின் கடமை

இவ்வளவும் அறிந்தவர் ஜப்பானுக்குச் செல்லலாகாதோ எனின், அற்றன்று. அந்த எஞ்சினைக் கட்டிய தொழிலாளியும், இன்று அதற்கு எண்ணெயிடும் தொழிலாளியும் நம் பகைவரல்லர். விரலாற் சுட்டி ஒவ்வோர் உயிரையும் காத்துச் செல்லும் இன்றைய ஓட்டுநரின் ஒழுக்கம் போற்றத்தக்கது. போற்றுவதோடு, அதே நாட்டின் படை ஒருகாலத்தில் உயிரை எண்ணாமலே ஒரு பாதை போட்டது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். முன்னதை மட்டும் அறிந்தவர் வேடிக்கை பார்ப்பவராவர். பின்னதை மட்டும் அறிந்தவர் சினத்திலேயே நின்றுவிடுவர்.

ஊரில் இருப்போர்க்கும் ஒரு பணி உண்டு. சயாம் சென்றவரின் மக்கள் இன்று எண்பதும் தொண்ணூறும் கடந்தவர்கள். சென்றவர் பெயர், தந்தை பெயர், தோட்டம், கங்காணி, ஏறிய நிலையம், திரும்பினாரா இல்லையா என்னும் ஆறு கேள்விகளை ஒரு தாளில் எழுதி, உயர்வகுப்பு மாணவரிடம் கொடுத்துத் தத்தம் வீட்டுப் பாட்டன் பாட்டியரைக் கேட்டு வரச் செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒரு குறிப்பேடு போதும். கிள்ளான், கோலசிலாங்கூர், காஜாங் வட்டாரப் பள்ளிகள் ஒவ்வொன்றும் பத்துப் பெயர் சேர்த்தாலும், எங்கும் எழுதப்படாத பெயர்கள் அத்தனை முதன்முறையாக எழுத்தில் ஏறும். கனயாவில் 44-ஆம் எஞ்சினின் எண், கட்டப்பட்ட ஆண்டு, திரும்பிய ஆண்டு அனைத்தும் பதிவில் உள்ளன. அது ஓடிய பாதையில் மண் சுமந்தவனுக்கும் அந்த அளவு பதிவேனும் வேண்டும்.