சீதபேதி கொடுத்த விசில் சீன்!

கறுப்பு அங்கி, ஆளைப் பாதியாகப் பிளக்கும் சைஸில் ஒரு வாள். சந்தைக் கூட்டம் ஒதுங்கி வழிவிட, வாள்காரர் அதைச் சுழற்றோ சுழற்றென்று சுழற்றுகிறார். எதிரே சாட்டையோடு இண்டியானா ஜோன்ஸ். 'ஆகா, சண்டை ஆரம்பம்' என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, ஹீரோ அலுத்துப்போன முகத்தோடு துப்பாக்கியை எடுத்து ஒரே சுடு. ஆட்டம் க்ளோஸ்! 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் தியேட்டரையே சிரிக்க வைத்த அந்தக் காட்சி, ஹாரிசன் ஃபோர்டின் வயிற்றுக் கோளாறு போட்ட பிச்சை என்பது தெரியுமா?

படப்பிடிப்பு துனிசியாவில். ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் யூனிட்டில் பலர் படுத்துவிட, ஃபோர்டுக்குச் சீதபேதி. ஸ்கிரிப்டில் இருந்தது சாட்டைக்கும் வாளுக்கும் நடக்கும் நீ...ளமான சண்டை. அதற்காகவே ஸ்டண்ட் கலைஞர் டெர்ரி ரிச்சர்ட்ஸ் வாரக்கணக்கில் வாள் சுழற்றப் பழகியிருந்தார். கழிவறையை விட்டு ரொம்ப நேரம் தள்ளி நிற்க முடியாத ஹீரோவோ, 'பேசாமல் சுட்டுத் தள்ளிவிடலாமே' என்கிறார். இயக்குநர் ஸ்பீல்பெர்க் தலையாட்ட, முடிந்தது கதை. பாவம் ரிச்சர்ட்ஸ்!

பழைய ஆக்‌ஷன் படங்களையும் காமெடிகளையும் இரண்டாம் தடவை பார்ப்பதில் உள்ள ருசியே இதுதான். யார் ஜெயிப்பார் என்பது நமக்குத் தெரியும். எந்த இடத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை, எந்த இடத்தில் தயாரிப்பாளர் பர்ஸ் காலியானது என்று தேடினால், படம் புதுசாகிவிடுகிறது. அதே 'ரைடர்ஸ்' படத்தில் பாம்புக் குழிக்குள் விழுந்த ஃபோர்டுக்கு நேர் எதிரே ஒரு நாகம் படமெடுத்து நிற்கும். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தக் கண்ணாடியில் பாம்பின் பிம்பம் அப்பட்டமாகத் தெரிந்தது, அன்றைய பிரிண்டில்! பின்னாளில் டிவிடி வந்தபோது கம்ப்யூட்டரில் அதைத் துடைத்துவிட்டார்கள். டெக்கை வாடகைக்கு எடுத்து கேசட்டில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

அடுத்த பாகம் நமக்கு இன்னும் பக்கம். 'டெம்பிள் ஆஃப் டூம்' (1984) கதை நடப்பது இந்தியாவில். ஜெய்ப்பூர் அருகே ஆமேர் கோட்டையில்தான் எடுப்பதாகத் திட்டம். ஸ்கிரிப்டைப் படித்த இந்திய அரசு, இதை மாற்று, அதை மாற்று என்று நிபந்தனை போட்டது. (படித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. மகாராஜா வீட்டு விருந்தில் குரங்கு மூளை பரிமாறுகிற ஸ்கிரிப்ட் அது. தட்டில் இருந்தது கஸ்டர்டும் ராஸ்பெர்ரி சாஸும்தான் என்பது வேறு விஷயம்.) படக்குழு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் இறங்கிய இடம், இலங்கையின் கண்டி! 1983 ஏப்ரலில் ஷூட்டிங் தொடங்கியது. மே மாதமே லண்டன் பக்கத்து எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் அந்தத் தீவில் என்ன நடந்தது என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

படத்தில் வருவது இந்தியக் கிராமம். ஆனால் கிராமத்து ஜனங்கள் பேசுவது சிங்களம்! தாடியும் சடையுமாக வந்து, காணாமல்போன புனிதக் கல்லின் கதையைச் சொல்வாரே ஒரு பெரியவர், அவர் சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி.ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் வராது. ஸ்பீல்பெர்க் கேமராவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுக்க, அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே கண்ணை எங்கோ நிறுத்தி, பெருமூச்சுபோல ஓர் இடைவெளி விடுவார் பாருங்கள்... சோகமும் இல்லை, ஞானமும் இல்லை. அடுத்த வரி எப்போது வரும் என்ற காத்திருப்பு! உலகமே அதை அபாரமான நடிப்பு என்று ரசித்தது. அபாரம்தான், சந்தேகமென்ன?

கிளைமாக்ஸில் அறுந்து தொங்கும் பாலம்? கண்டிக்குப் பக்கத்தில் அப்போது விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த பிரிட்டிஷ் பொறியாளர்களைப் பிடித்துத்தான் அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். மேலுக்குக் கயிறு, உள்ளே எஃகு வடம். வெடி வைத்துத்தான் அறுத்தார்கள். ஒரே டேக், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. கை கால் உதறிக்கொண்டு பள்ளத்தில் விழும் வில்லன் ஆட்கள் அத்தனை பேரும் மோட்டார் பொருத்திய பொம்மைகள்!

இன்னும் இருக்கிறது. சுரங்க ரயில் துரத்தலில் வரும் குகைச் சுவர், பல இடங்களில் பெயின்ட் அடித்த அலுமினியத் தாள். மினியேச்சர் வண்டி, அதை எடுத்தது மாற்றியமைத்த நிகான் ஸ்டில் கேமரா, தடதடக்கும் அந்தச் சத்தமோ டிஸ்னிலேண்ட் ரோலர் கோஸ்டர்களில் பதிவு செய்தது! ஹீரோ கதைக்கு வருவோம். யானைச் சவாரியும் சண்டைக் காட்சியும் சேர்ந்து ஃபோர்டின் முதுகுத்தண்டு டிஸ்க்கைப் பதம்பார்த்துவிட்டன. அமெரிக்காவுக்குப் பறந்தார். அங்கே அவர் முதுகில் ஏற்றிய மருந்து எதிலிருந்து எடுத்தது தெரியுமா? பப்பாளியிலிருந்து! அவர் திரும்பி வரும்வரை வாரக்கணக்கில் 'இண்டியானா ஜோன்ஸ்' ஆக அடிவாங்கியவர் டூப் கலைஞர் விக் ஆம்ஸ்ட்ராங். வில்லன் மோலா ராம் நம்ம அம்ரீஷ் பூரி. இந்தப் படத்துக்காக மொட்டை அடித்தவர், அந்தத் தோற்றம் பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். நயமாகப் பேசும் அரண்மனை திவானாக வருபவர், 'காந்தி' படத்தில் நேருவாக நடித்த ரோஷன் சேத்.

வயிறும் முதுகும் போகட்டும். பர்ஸ் இளைத்த கதை 'ராக்கி' (1976). பட்ஜெட் சுமார் பத்து லட்சம் டாலர், 28 நாளில் ஷூட்டிங் ஓவர். ஸ்கிரிப்டை எழுதிய சில்வஸ்டர் ஸ்டாலோன் கையில் காசில்லாமல் வளர்த்த நாயையே விற்றவர். ஹீரோவாக வேறு ஆளைப் போடுவதென்றால் பெரிய தொகை தருகிறோம் என்றபோதும், நானேதான் நடிப்பேன் என்று அடம்பிடித்து, ஜெயித்து, நாயைத் திரும்ப வாங்கி அதே படத்தில் நடிக்கவும் வைத்தார்! ராக்கியும் ஏட்ரியனும் முதன்முதலாக வெளியே போகும் பனிச்சறுக்குக் காட்சியில் மைதானம் வெறிச்சோடிக் கிடக்குமே? எழுதிவைத்ததென்னவோ முந்நூறு பேர் சறுக்கும் மைதானம். துணை நடிகர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஆளில்லாத மைதானத்தில் இரண்டு கூச்ச சுபாவிகள் என்றானதும், காதல் இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. முந்நூறு பேர் நடுவே அந்தக் காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள், சகிக்காது. பாக்ஸிங் அங்கி தொளதொளவென்று தைத்து வந்துவிட்டது. மாற்ற நேரமில்லை. அது பெரிதாக இருக்கிறது என்று ராக்கியையே சொல்ல வைத்துவிட்டார்கள்! இத்தனை இல்லாமையோடு வந்த படம்தான் அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைத் தட்டிக்கொண்டு போனது.

அந்தக் கடைசிக் குத்துச்சண்டை 15 ரவுண்டு. எடுத்தது தலைகீழாக! 15-ஆம் ரவுண்டில் தொடங்கி முதல் ரவுண்டை நோக்கிப் போனார்கள். முகம் வீங்கி, கண் மூடிப்போன மேக்கப்பை முதலிலேயே போட்டுவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டே வருவது சுலபம். இங்கேதான் மூக்கில் விரலை வைக்கப் போகிறீர்கள். ஸ்டாலோன் முகத்தை அப்படி வீங்க வைத்த மேக்கப் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோர்தான், 20 வருடம் கழித்து நம் 'அவ்வை சண்முகி'யில் (1996) கமலை மாமியாக்கியவர்! ராக்கியின் வீங்கிய கண்ணும் சண்முகி மாமியின் கன்னமும் ஒரே கைவண்ணம். 'இந்தியன்' தாத்தாவும் அவர் வேலைதான்.

'டை ஹார்ட்' (1988) பற்றி இரண்டே விஷயம். தீவிரவாதிகள் பிடித்துக்கொள்ளும் அந்த 'நகடோமி' கோபுரம், படத்தை எடுத்த ஃபாக்ஸ் கம்பெனியின் சொந்தத் தலைமையகம். அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் என்பதால், படத்தில் பூச்சு முடியாத மாடிகள் எல்லாம் நிஜமாகவே பூச்சு முடியாத மாடிகள். இரண்டாவது, வில்லன் ஆலன் ரிக்மன். நாற்பதைத் தாண்டிய மேடை நடிகர், அவருக்கு இதுதான் முதல் சினிமா. உச்சியிலிருந்து அவர் விழும் காட்சியை, இருபதடிக்கு மேலே தொங்கவிட்டு, கீழே காற்றுப்பை விரித்து எடுத்தார்கள். மூன்று எண்ணியதும் விடுவோம் என்று சொன்னவர்கள், மூன்று வருவதற்கு முன்பே விட்டுவிட்டார்கள்! அவர் முகத்தில் தெரியும் திகில் சுத்த அக்மார்க்.

சிரிப்புப் படங்களுக்கும் இதே ஜாதகம்தான். 'ஏர்பிளேன்!' (1980) எந்த அளவுக்குக் கிண்டல் படம் என்று நினைக்கிறீர்கள்? 1957-இல் வந்த 'ஜீரோ அவர்!' என்ற படுசீரியஸான விமானப் படத்தின் கதை, வசனம், நாயகன் பெயர், தலைப்பில் உள்ள ஆச்சரியக்குறி வரை அப்படியே எடுத்துக்கொண்டு செய்தது. திருட்டு இல்லை, உரிமையை முறையாக வாங்கிவிட்டார்கள். அந்தப் பழைய படத்தில் விசிறி சுழலும் விமானம். இதில் ஜெட். ஆனாலும் சத்தம் மட்டும் விசிறி விமானச் சத்தமேதான்! படம் முழுக்க அது உறுமிக்கொண்டே இருக்கும்; பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். அதுவரை விறைப்பான வேஷங்களே போட்டுவந்த லெஸ்லி நீல்சனை, துளியும் சிரிக்காதே, சீரியஸாகவே நடி என்று சொல்லி நடிக்க வைத்தார்கள். மனிதர் மீதி வாழ்நாள் முழுக்கக் காமெடியனாகிவிட்டார்.

'ஹோம் அலோன்' (1990) வீட்டின் உட்புறம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட ஜிம்னாசியத்துக்குள் போட்ட செட். தண்ணீர் நிரம்பிய பக்கத்து வீட்டு அடித்தளம், அதே பள்ளியின் நீச்சல் குளம். பொடியன் கெவின் போட்டுப் பார்த்துத் திருடர்களை மிரட்டுவானே ஒரு கறுப்பு வெள்ளை கேங்ஸ்டர் படம், அதை எங்கே தேடினாலும் கிடைக்காது. இந்தப் படத்துக்காகவே எடுத்த துண்டு அது! திருடனின் முகத்தில் ஊர்ந்தது மட்டும் நிஜச் சிலந்தி.

கடைசியில் ஜாக்கி சான். 2008-இல் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்குச் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு வந்தாரே, அந்த மண்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருப்பது தெரியுமா? 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) படத்துக்காக யூகோஸ்லாவியாவில், சுவரிலிருந்து மரத்துக்கு ஒரு தாவல். ஜாக்கி கணக்கில் அதெல்லாம் சில்லறை வேலை. முதல் டேக் ஓகே. இன்னும் கொஞ்சம் நன்றாக வரட்டுமே என்று மறுபடி தாவினார். கிளை முறிந்தது. தலை பாறையில் மோதி மண்டையோடு பிளந்தது. அறுவை சிகிச்சை, ஒரு காதில் கேட்கும் திறன் குறைவு, ஓட்டையை அடைக்க பிளாஸ்டிக். படத்தை நிறுத்தினாரா? முடித்து ரிலீஸ் பண்ணினார். அதற்கு முந்தைய ஆண்டு 'போலீஸ் ஸ்டோரி'யில் ஷாப்பிங் மாலின் உச்சியிலிருந்து சீரியல் பல்பு சுற்றிய கம்பத்தில் சறுக்கியபோது உள்ளங்கை தோல் வெந்துபோனது. அந்தப் படத்தில் உடைந்த கண்ணாடிகளைப் பார்த்து யூனிட்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'கிளாஸ் ஸ்டோரி'!

எனக்குப் பிடித்தது 'ரம்பிள் இன் தி பிராங்ஸ்' (1995). குதித்ததில் ஜாக்கிக்குக் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஷூட்டிங் நிற்கவில்லை. ஷூ மாதிரியே பெயின்ட் அடித்த ஓர் உறையைக் கட்டின்மேல் மாட்டிக்கொண்டு மனிதர் ஓடுகிறார்! அந்தக் காலைப் பார்த்து முடித்ததும் அப்படியே பின்னணியையும் பாருங்கள். கதை நடப்பது நியூயார்க். எடுத்தது கனடாவின் வான்கூவரில். சண்டைக்குப் பின்னால், நியூயார்க்கில் யாரும் பார்த்தேயிராத மலைத்தொடர் ஒன்று ஜம்மென்று நிற்கிறது!