காப்பிட்ட குழாய்களில் வெப்ப இழப்பும் ஈடுசெய்தலும்

காப்பிட்ட குழாயின் வெப்ப ஈடு என்பது, காப்புறை வழியே வெளியேறும் வெப்பத்தைக் கணக்கிட்டு, அதே அளவு வெப்பத்தைக் குழாய்க்குத் தொடர்ந்து அளிக்கும் முறையாகும். தொழிற்சாலைகளில் இது ஹீட் டிரேசிங் எனப்படுகிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் குப்பிக்குள் உறைந்தால் வெயிலில் வைத்து இளக்கிவிடலாம். பல கிலோமீட்டர் நீளக் குழாய்க்குள் எண்ணெய் உறைந்தால் அது எளிதன்று. காப்புறை வெப்ப ஓட்டத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. எனவேதான் இந்த ஈடு தேவைப்படுகிறது.

இந்திய எடுத்துக்காட்டு

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் மங்களா எண்ணெய் வயல் 2004இல் கண்டறியப்பட்டது. 2009இல் உற்பத்தி தொடங்கியது. இங்குக் கிடைக்கும் கச்சா எண்ணெயில் மெழுகு மிகுதி. சாதாரண வெப்பநிலையிலேயே கெட்டியாகிவிடும். எனவே குஜராத் கடற்கரையிலுள்ள போகட் வரை செல்லும் ஏறத்தாழ 670 கி.மீ. குழாய், காப்பிடப்பட்டு வழிநெடுகச் சூடாக்கப்படுகிறது. குழாயுடன் இணைந்த சிறு எஃகுக் குழலுக்குள் மின்கம்பி செல்கிறது. மாறுமின்னோட்டம் குழலின் உட்பரப்பை ஒட்டியே பாய்வதால் அங்கு வெப்பம் உண்டாகிறது.

கணக்கிடும் முறை

ஒரு மீட்டர் நீளத்திற்கான இழப்பு (வாட்):

இழப்பு = 2 × 3.1416 × காப்பின் வெப்பக் கடத்தெண் × வெப்பநிலை வேறுபாடு ÷ இயல் மடக்கை (காப்பின் வெளிவிட்டம் ÷ குழாயின் வெளிவிட்டம்)

குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ., காப்பின் தடிமன் 50 மி.மீ., கடத்தெண் 0.04, எண்ணெய் 65 °செ, வெளிக்காற்று 15 °செ எனக் கொள்வோம்.

1. காப்பின் வெளிவிட்டம் = 114.3 + 100 = 214.3 மி.மீ.
2. விட்டங்களின் விகிதம் 1.875, அதன் இயல் மடக்கை 0.6285.
3. இழப்பு = 0.2513 × 50 ÷ 0.6285 = சுமார் 20 வாட்.

வால்வுகளிலும் தாங்கிகளிலும் கூடுதல் இழப்பு உண்டு. அதற்கென 20 விழுக்காடு சேர்த்தால் மீட்டருக்கு 24 வாட். 100 மீட்டருக்கு 2.4 கிலோவாட்.

மாணவர் செய்யும் பிழைகள்

சமதளச் சுவருக்கான வாய்பாட்டில் குழாயின் வெளிப்பரப்பை இட்டால் 14.4 வாட் மட்டுமே வரும். அந்த அளவுக்குச் சூடாக்கினால் எண்ணெய் மெல்லக் குளிர்ந்துகொண்டே போகும். வெப்பம் வெளியே செல்லச் செல்லப் பரப்பு விரிவதே இந்த வேறுபாட்டின் காரணம். அதே காரணத்தால், காப்பை 100 மி.மீ. ஆக இரட்டித்தாலும் இழப்பு பாதியாகாது, 12.4 வாட் வரை மட்டுமே குறையும்.

மின்சாரம் நின்றால்?

ஓட்டமும் சூடேற்றமும் ஒருங்கே நின்றதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் எஃகுக் குழாயும் அதிலுள்ள எண்ணெயும் 1 °செ குளிர ஏறக்குறைய 21,700 ஜூல் வெளியேற வேண்டும். நொடிக்கு 20 ஜூல் வீதம் முதல் 1 °செ குறையச் சுமார் 18 நிமிடம் ஆகும். வேறுபாடு குறையக் குறைய வேகமும் குறையும். எண்ணெய் 42 °செ-இல் கெட்டிப்படும் எனில், அதை எட்டச் சுமார் 9 மணி நேரம் ஆகும். பழுது நீக்குவோருக்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவே.

குளிர் குழாய்கள்

குளிர் குழாய்களுக்கும் இதே வாய்பாடு பொருந்தும். வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வரும் என்பதே வேறுபாடு. 2019இல் தொடங்கப்பட்ட எண்ணூர் முனையத்தில் கையாளப்படும் திரவ இயற்கை எரிவாயுவின் வெப்பநிலை சுமார் −162 °செ. உள்ளே வரும் வெப்பத்தால் அதில் ஒரு பகுதி ஆவியாகும். அங்கு இந்தக் கணக்கு, எவ்வளவு ஆவியாகும் என்பதை அறிய உதவுகிறது.